நன்கொடையும் நம்பிக்கையும்: வேலூர் வைத்தியசாலையை உருவாக்கிய டொக்டர் ஐடா ஸ்கடர்

பொதுப்பணிக்கென்று பணம் திரட்டுவது கடினமான காரியம். திரட்டிய பணத்துக்குரியவர்களின் நம்பிக்கையைப் பல ஆண்டுகள் காப்பாற்றி வருவது அதனிலும் கடினமானது. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை எமது கரைகளைத் தாக்கிய பின்னர் இந்த உண்மையை நாம் நேரிலேயே கண்டோம். உதவிகள் வந்து குவிந்தன. ஆயினும் கொடுத்தவர் கொடுக்க விரும்பியதும் பாதிக்கப்பட்டவருக்குத் தேவைப்பட்டதும் பல சந்தர்ப்பங்களில் வெவ்வேறாக இருந்தன. சில கரையோரங்களில் தேவைக்கு மேலாகப் படகுகள் வழங்கப்பட்டதும், வேறு தேவைகள் கவனிப்பாரற்றுக் கிடந்ததும் பின்னர் ஆய்வாளர்களால் எடுத்துக்காட்டப்பட்டன. கொடையாளிக்கும் பயனாளிக்கும் நடுவில் நிற்பவரின் பொறுப்பு எத்தகையது என்ற கேள்வி அன்று எழுந்தது. அது இன்றும் தீர்ந்துவிடவில்லை.

இந்தக் கேள்விக்குத் தமது வாழ்நாள் முழுவதையும் விடையாகத் தந்து சென்றவர்களுள் ஒருவர் டொக்டர் ஐடா சோபியா ஸ்கடர். வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியையும் அதனோடிணைந்த வைத்தியசாலையையும் அறியாதார் எம்மவரிடையே குறைவு. கடும் நோயுற்றோரைக் கடல் கடந்து அங்கு கொண்டு சென்ற குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் உண்டு. அந்த நிறுவனத்தை ஒரேயொரு கட்டிலுடன் தொடங்கியவர் இந்த அம்மையார். அவரை வைத்தியராகப் போற்றுவோர் பலர். ஆனால், நன்கொடையாளர்களுடன் அவர் கொண்டிருந்த உறவும், அந்த உறவு ஒரு கட்டத்தில் முறியும் நிலைக்கு வந்தபோது அவர் மேற்கொண்ட முடிவும் அதிகம் பேசப்படுவதில்லை. பொது நிறுவனங்களை நடத்துவோருக்கு அவரது வாழ்க்கையின் இந்தப் பகுதியே பெரிதும் பயன்தரக்கூடியது.

யாழ்ப்பாணத்தில் தொடங்கிய பரம்பரை

ஐடா ஸ்கடரின் குடும்பக் கதை எமது மண்ணிலேயே ஆரம்பமாகின்றது. அவரது பாட்டனார் டொக்டர் ஜோன் ஸ்கடர் நியூயோர்க் நகரில் நல்ல வருமானத்துடன் வைத்தியத் தொழில் புரிந்து வந்தவர். 1819ஆம் ஆண்டில் அத்தொழிலைக் கைவிட்டு, அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவராக இலங்கைக்குக் கப்பலேறினார். யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பைத் தமது இடமாகக் கொண்டு சமயப் பணியோடு வைத்தியப் பணியையும் நடத்தினார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற முதலாவது வைத்திய மிஷனரி என வரலாற்றில் அவர் குறிப்பிடப்படுகின்றார். 1836இல் அவர் சென்னைக்குப் பெயர்ந்தார். அவருக்கு முந்திய ஆண்டில் யாழ்ப்பாணத்திலே பிறந்த மைந்தரும் ஜோன் என்ற பெயரையே தாங்கினார். வைத்தியராகிய அந்த இரண்டாம் ஜோனின் மகளே ஐடா.

அவர் 1870 டிசம்பர் 9ஆம் திகதி, அன்றைய சென்னை மாகாணத்தின் இராணிப்பேட்டையிற் பிறந்தார். சிறுமியாக இருந்த காலத்தில் தென்னிந்தியாவை உலுக்கிய 1876–78 காலப் பெரும் பஞ்சத்தைக் கண்ணாற் கண்டார். பின்னர் குடும்பத்தோடு அமெரிக்கா சென்று, மசாசுசெற்ஸ் மாநிலத்திலுள்ள நோர்த்பீல்ட் மகளிர் பாடசாலையிற் கல்வி கற்றார். பஞ்சமும் நோயும் வறுமையும் நிறைந்த இடமாகவே இந்தியா அவரது நினைவில் பதிந்திருந்தது. அங்கு மீண்டும் சென்று வாழும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. குடும்பத் தொழிலாகிவிட்ட மிஷனரி வாழ்வு தமக்கு வேண்டாமென்றே அவர் தீர்மானித்திருந்தார். தாயார் நோயுற்றார் என்ற செய்தி கேட்டு 1890இல் திண்டிவனத்துக்கு வந்தபோதும், சிறிது காலம் தங்கித் திரும்புவதே அவரது நோக்கம்.

அங்கே ஓர் இரவில் நிகழ்ந்தவை அவரது வாழ்க்கையின் திசையை மாற்றின. பிரசவ வேதனையில் துடிக்கும் இளம் மனைவியைக் காப்பாற்ற உதவி கேட்டு மூன்று ஆடவர்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த வீட்டுக்கு வந்தனர். ஒருவர் பிராமணர். ஒருவர் முஸ்லிம். மற்றவரும் உயர்சாதி இந்துவே. வைத்தியரான தந்தையார் வரத் தயாராக இருந்தார். ஆயினும் அந்நிய ஆடவர் ஒருவர் தமது வீட்டுப் பெண்ணைத் தொட்டு வைத்தியம் செய்வதை மூவருமே ஏற்கவில்லை. ஐடாவை அழைத்தனர். அவருக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்தபோது அந்த மூன்று பெண்களும் உயிரிழந்திருந்தனர். சமயத்தால் வேறுபட்ட மூன்று குடும்பங்களுக்கு நேர்ந்த துயரம் ஒன்றே. பெண் வைத்தியர் இல்லாமையே அதன் காரணம். இதை உணர்ந்த ஐடா வைத்தியம் கற்க முடிவெடுத்தார். பென்சில்வேனியா மகளிர் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து, பின்னர் பெண்களுக்குக் கதவு திறந்திருந்த கோர்னெல் வைத்தியக் கல்லூரிக்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார்.

முதற் கொடையாளி

பட்டம் பெற்றவருக்கு முதலில் இடப்பட்ட பணி வைத்தியம் அன்று. நிதி சேகரிப்பதே அப்பணி. வேலூரில் பெண்களுக்கான வைத்தியசாலை ஒன்றை அமைப்பதற்கு 8,000 டொலரைத் திரட்டும் பொறுப்பு, கப்பலேறுவதற்குச் சிறிது காலமே இருந்த நிலையில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதென அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். கதவு கதவாக ஏறியிறங்கியும் சிறு தொகைகளே கையிற் சேர்ந்தன.

அந்நிலையில் நியூயோர்க்கில் மிஷன் பணிகளில் ஈடுபாடுடைய ஓர் அம்மையாரைச் சந்தித்துத் திண்டிவனத்தில் தாம் கண்டவற்றை விளக்கினார். அதே வீட்டில் அடுத்த அறையிலிருந்த முதியவர் ஒருவர் அந்த உரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்ததாக அந்நூல்கள் தெரிவிக்கின்றன. அவர் ரொபர்ட் ஷெல் என்ற வங்கியாளர். மறுநாள் ஐடாவை அழைத்து, தேவை பற்றியும் செலவு பற்றியும் நுணுக்கமாக விசாரித்தார். பின்னர் 10,000 டொலரை வழங்கினார். காலஞ்சென்ற தமது மனைவியின் நினைவாக அந்த வைத்தியசாலை அமைய வேண்டுமென்பதே அவரது விருப்பம். இவ்வாறு கேட்டதற்கும் மேலாகக் கிடைத்த அத்தொகையைக் கொண்டு எழுந்ததே மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை.

இந்தச் சம்பவத்தை வெறும் அதிர்ஷ்டமென்று ஒதுக்கிவிட முடியாது. ஐடா தமது வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்த முறை இதிலே தெரிகின்றது. அவர் இரந்து நிற்கவில்லை. புள்ளிவிபரங்களை அடுக்கி மலைக்கச் செய்யவுமில்லை. தாம் கண்ட மூன்று மரணங்களையும், அவற்றைத் தவிர்த்திருக்கக்கூடிய வழியையும், அதற்காகும் செலவையும் மட்டுமே எடுத்துரைத்தார். கொடுப்பவர் கேள்வி கேட்டபோது முகம் சுளிக்கவில்லை. பணத்தைத் தருபவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டென்பதை முதல் நாளிலேயே ஏற்றுக்கொண்டார்.

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்த அவருக்கு அடுத்த சில மாதங்களிலேயே பேரிழப்பு ஏற்பட்டது. வழிகாட்டியாக இருந்து தொழில் பழக்குவாரென நம்பியிருந்த தந்தையார் காலமானார். அனுபவமற்ற இளம் பெண் வைத்தியரை நாடி நோயாளர் வரத் தயங்கினர். எனினும் வீட்டின் சிறிய அறையொன்றில், ஒரேயொரு கட்டிலுடன் அவர் பணியைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,000 நோயாளர்களுக்கு அங்கு சிகிச்சையளித்தார். கையில் வைத்தியசாலைக்கான நிதி இருந்தும், கட்டடம் எழும்வரை காத்திராமல் கிடைத்த அறையிலேயே வேலையை ஆரம்பித்தமை குறிப்பிடத்தக்கது. 1902இல் 40 கட்டில்களுடன் ஷெல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அமெரிக்க வங்கியாளர் ஒருவர் தமது துணைவியை நினைந்து கொடுத்த பணம், வேலூரின் இந்து, முஸ்லிம் இல்லங்களிலிருந்து வந்த தாய்மாரின் உயிரைக் காக்கத் தொடங்கியது.

கட்டடத்துக்குப் பின்னால் நின்ற கேள்வி

கட்டடத்துக்குப் பணம் தருவோர் எக்காலத்திலும் கிடைப்பர். கல்லிலே பெயர் பொறிக்கலாம். திறப்பு விழா நடத்தலாம். ஆனால் கட்டடம் வைத்தியம் செய்வதில்லை. ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குத் தாம் ஒருவர் போதாது என்பதை ஐடா விரைவில் உணர்ந்தார். முதலில் மாட்டு வண்டியிலும், 1909 முதல் மோட்டார் வண்டியிலும் குறித்த நாட்களில் கிராமங்களுக்குச் சென்று, தெருவோர மரநிழலில் நோயாளரைப் பார்வையிட்டார். அதே ஆண்டில் தாதியர் பயிற்சிப் பாடசாலையைத் தொடங்கினார். அடுத்ததாக இந்தியப் பெண்களையே வைத்தியர்களாக்கும் பாடசாலை ஒன்று வேண்டுமென்று வாதிட்டார்.

அரசாங்க வைத்திய அதிகாரிகளுக்கு இதில் நம்பிக்கை இருக்கவில்லை. விண்ணப்பிக்கவே பெண்கள் முன்வரமாட்டார்கள் என்று கருதப்பட்டது. ஆனால் எதிர்பார்ப்பைப் பொய்யாக்கி விண்ணப்பங்கள் குவிந்தன. 1918 ஓகஸ்ட் மாதத்தில் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு பாடசாலையைத் திறந்து வைத்தார். 17 மாணவியர் கற்கத் தொடங்கினர். அவர்களுள் 14 பேர் 1922இல் பயிற்சியை நிறைவுசெய்து வெளியேறினர்.

இங்கு கொடையாளருடனான உறவில் ஒரு முக்கிய மாற்றம் ஏற்படுகின்றது. வைத்தியசாலைக் கட்டடத்துக்கு ஒரு தனவந்தர் போதும். வைத்தியக் கல்விக்கு அது போதாது. ஆசிரியருக்குச் சம்பளம், ஆய்வுகூடம், விடுதி, ஏழை மாணவிக்குக் கட்டணம் என ஆண்டுதோறும் செலவு வரும். அதற்கு ஒரு மனிதரின் தாராள மனம் அல்ல, ஓர் அமைப்பு தேவை. வெவ்வேறு திருச்சபைகளையும் வெவ்வேறு நாடுகளின் மிஷன் சங்கங்களையும் ஒரே நிறுவனத்தின் பங்காளிகளாக்கும் வழியை வேலூர் தெரிந்தெடுத்தது. எந்தவொரு கொடையாளியும் தனியே அதன் கழுத்தைப் பிடிக்க முடியாத நிலையும் அதனால் உண்டானது.

அதேவேளை, கொடையாளியை வெறும் பணப்பையாக ஐடா கருதவில்லை என்பதற்குக் கேர்ட்ரூட் டொட் அம்மையார் சான்றாவார். நியூயோர்க்கைச் சேர்ந்த செல்வச் சீமாட்டியான இவர் வேலூருக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். ஊதியம் எதுவும் பெறாமல், பல ஆண்டுகள் நிறுவனத்தின் நிர்வாக வேலைகளைச் செய்தார். பல மாணவியரின் படிப்புச் செலவைத் தாமே ஏற்றார். கொடுத்த பணம் எங்கே செல்கின்றது என்பதை அறிக்கையில் வாசிப்பதை விட, அந்தப் பணத்தாற் படித்த பெண்ணை நாள்தோறும் நேரிற் காண்பது மேலானதன்றோ? கொடையாளிக்குக் கதவைத் திறந்து வைத்த நிறுவனத்துக்கு அவரே ஊழியராகவும் கிடைத்தார்.

பத்து இலட்சம் டொலரும் ஒரு டொலரும்

வேலூரின் அமெரிக்க ஆதரவாளர்களுள் தலைசிறந்தவர் லூசி பீபொடி அம்மையார். இவரும் தென்னிந்தியாவை அறிந்தவர். 1881இல் இளம் மனைவியாகக் கணவருடன் சென்னைக்கு வந்து மிஷன் பணியில் ஈடுபட்டார். 1886இல் கணவர் இறக்கவே, பிள்ளைகளுடன் அமெரிக்கா திரும்பினார். பின்னர் செல்வந்த வணிகர் ஒருவரை மணந்து, சில ஆண்டுகளில் மீண்டும் விதவையானார். மகளிர் மிஷன் இயக்கத்தின் மாபெரும் அமைப்பாளராக விளங்கிய அவர், தமது தோழி ஹெலன் மொண்ட்கொமெரியுடன் 1913–14 காலப்பகுதியில் ஆசிய நாடுகளைச் சுற்றிப் பார்த்தார். பெண்களுக்குப் பெண்களே உயர்கல்வி தர வேண்டும், அதற்குப் பெண்களே நிதி திரட்ட வேண்டும் என்பது அவரது அசையாத கொள்கை.

முதலாம் உலகப் போரின் பின்னர் ஆசியாவின் ஏழு மகளிர் கல்லூரிகளுக்காக இந்த இயக்கம் பெரும் நிதி திரட்டலை ஆரம்பித்தது. இந்தியாவில் மூன்று, சீனாவில் மூன்று, ஜப்பானில் ஒன்று எனப் பரந்திருந்த அந்த ஏழினுள் வேலூரும் ஒன்று. எண்ணெய் வணிகத்தில் உலகப் பெரும் செல்வந்தரான ரொக்பெல்லர், மறைந்த தமது மனைவி லோரா ஸ்பெல்மனின் நினைவாக நிறுவிய நிதியம் இதற்கு 10 இலட்சம் டொலர் தர முன்வந்தது. ஆனால் அதற்கொரு நிபந்தனை இருந்தது. 1923ஆம் ஆண்டு பிறப்பதற்குள் பெண்கள் தாமாக 20 இலட்சம் டொலரைத் திரட்டினால் மட்டுமே அப்பணம் கிடைக்கும்.

பெரும் கொடையாளர் இத்தகைய நிபந்தனையை விதிப்பதற்குக் காரணமுண்டு. ஒருவரின் பணத்தில் மாத்திரம் வாழும் நிறுவனம் அவர் கைவிட்ட நாளில் வீழ்ந்துவிடும். பலரும் பங்கெடுத்தாலே அது நிலைக்கும். பெரிய தொகையைக் காட்டிச் சிறிய தொகைகளை வரவழைப்பதும், சிறிய தொகைகளைக் காட்டிப் பெரிய தொகையை உறுதிப்படுத்துவதும் இன்று உலகெங்கும் தொண்டு நிறுவனங்கள் கையாளும் முறையாகிவிட்டது. அன்று அமெரிக்க நகரங்களிலும் கிராமங்களிலும் பெண்கள் ஆளுக்கு ஒரு டொலராகச் சேகரித்தனர். ஐடாவும் தாய்நாடு சென்ற வேளைகளில் தேவாலயங்களிலும் மகளிர் சங்கங்களிலும் ஓயாது உரையாற்றினார். குறித்த தவணையில் இலக்கு எட்டப்பட்டது. ரொக்பெல்லர் நிதியமும் வாக்களித்ததை வழங்கியது.

அந்த நிதியின் பயனை வேலூர் நகரம் கண்டது. நகர மத்தியில் புதிய வைத்தியசாலைக் கட்டடங்கள் எழுந்தன. நகருக்கு வெளியே பாகாயத்தில் சுமார் 200 ஏக்கர் நிலத்தில் 1928இல் கல்லூரி வளாகத்துக்கான வேலை தொடங்கப்பட்டது. ஆனால் அந்த ஒரு டொலர்களோடு மற்றொன்றும் வந்து சேர்ந்தது. பெண்களுக்காகப் பெண்கள் கொடுத்த பணம் இது என்ற எழுதப்படாத வாக்குறுதியே அது.

நட்பா, நிறுவனமா?

1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு வைத்தியக் கல்வியின் தரத்தை உயர்த்தத் தீர்மானித்தது. வேலூர் அதுவரை வழங்கி வந்தது பல்கலைக்கழகப் பட்டத்துக்குக் குறைந்த தகுதிச் சான்றிதழாகும். இனிமேல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்படிப்பே செல்லும் என்றாயிற்று. தரமுயர்த்தல் நியாயமானதே. ஆனால் அதற்கு உயர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள், விரிவான ஆய்வுகூடங்கள், மேலும் நூற்றுக்கணக்கான கட்டில்கள் ஆகியன தேவைப்பட்டன. இருபது ஆண்டுகளாகக் கட்டியெழுப்பியது மூடப்படும் அபாயம் எதிர்நின்றது. 1941இல், எழுபது வயதைத் தாண்டிய நிலையில், ஐடா மீண்டும் நிதி தேடி அமெரிக்கா சென்றார். உலக யுத்தம் மூண்டிருந்த காலம் அது. அமெரிக்க மக்களின் பணமும் கவனமும் யுத்தத்தை நோக்கித் திரும்பியிருந்தன. மகளிர் சங்கங்களால் மட்டும் தேவையான தொகையைத் திரட்டிவிட முடியவில்லை.

அவ்வேளையில் இந்தியாவின் கிறிஸ்தவ வைத்திய நிறுவனங்களிடையே வேறொரு யோசனை வளர்ந்திருந்தது. ஆண் பெண் இருபாலாருக்கும் பொதுவான ஒரே கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியை அமைக்க வேண்டும். அதற்கு வேலூரே ஏற்ற இடம். அவ்வாறு செய்தால் பல நாடுகளின் பொது மிஷன் சபைகள் அனைத்தும் பணத்தோடும் பேராசிரியர்களோடும் கைகோக்கும். நிறுவனம் பிழைக்கும். ஆனால் மகளிர் கல்லூரி என்ற தனித்தன்மை போய்விடும்.

பீபொடி அம்மையார் இதனைக் கடுமையாக எதிர்த்தார். அவரது எதிர்ப்பைப் பிடிவாதமென்று எளிதிற் தள்ளிவிட முடியாது. பெண்களுக்கென்று கேட்டுப் பெற்ற பணத்தில் எழுந்த நிறுவனத்தை ஆண்களுக்கும் திறந்துவிடுவது கொடையாளருக்கு இழைக்கும் துரோகம் என அவர் கருதினார். ஆண்கள் உள்ளே வந்தால் தலைமையும் மெல்ல அவர்கள் கைக்கே போய்விடும் என்ற அச்சமும் அக்காலத்தில் ஆதாரமற்றதன்று. வக்பு செய்தவர் குறித்த நோக்கத்துக்கு மாறாக அச்சொத்தைப் பயன்படுத்தலாகாது என்பதை முஸ்லிம் சமூகத்தினர் நன்கறிவர். கோயில் தர்மசாதனத்தில் எழுதப்பட்டதை மீறலாகாது என்பதை இந்துக்களும் அறிவர். பீபொடி அம்மையார் உயர்த்திப் பிடித்தது அதே அறத்தைத்தான்.

ஐடாவுக்கு இது எத்தகைய சோதனையாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். பெண்களுக்காகவே வைத்தியரானவர் அவர். பெண்களின் பணத்தாலேயே நிமிர்ந்தவர். எதிரே நிற்பவரோ பல ஆண்டுகள் தமக்காக ஊர் ஊராக அலைந்து பணம் திரட்டிய தோழி. மறுபுறத்தில் கல்லூரி மூடப்பட்டால் பெண்களுக்கும் எதுவும் மிஞ்சாது. அந்தத் தயக்கத்தின் முடிவில் அவர் இருபாலார் கல்லூரி என்ற யோசனையை ஆதரித்தார். முடிவை மறைத்து வைத்துப் பழைய பெயரில் பணம் பெற்றுக்கொள்ளும் குறுக்குவழியை அவர் நாடவில்லை. ஆதரவாளர்களின் முன்னிலையில் விவாதம் நடந்தது. கசப்பான வார்த்தைகளும் பிறந்தன. இறுதியில் பீபொடி அம்மையார் விலகிக்கொண்டார். வேலூர் தனது மிகப் பெரிய நண்பரை இழந்தது. 1949இல் அவர் காலமானார்.

தீர்ப்பு யார் பக்கம்?

1942இல் மகளிருக்கான பட்டப்படிப்பு தொடங்கியது. 1947இல் ஆண் மாணவர்கள் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அதற்கு முந்திய ஆண்டிலேயே ஐடா ஸ்கடர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஆண்களே தலைமையைக் கைப்பற்றுவர் என்ற அச்சம் உடனடியாக மெய்யாகவில்லை. இந்தியப் பெண்மணியான டொக்டர் ஹில்டா லாசரஸ் 1940களின் இறுதியிலேயே நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். அக்காலத்தில் வேலூருக்கு வந்த டொக்டர் போல் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சத்திரசிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்யும் முறையை அங்கு உருவாக்கினார். உலகெங்கும் ஒதுக்கப்பட்டிருந்த நோயாளருக்கு அது மறுவாழ்வாயிற்று. வெறும் மகளிர் பாடசாலையாகவே நின்றிருந்தாலோ, மூடப்பட்டிருந்தாலோ இவை வேலூரில் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

ஆகவே ஐடாவின் முடிவைக் காலம் நியாயப்படுத்தியது என்று கூறலாம். எனினும் முடிவு நல்லதாக அமைந்தமையால், கொடையாளியின் நோக்கத்தை எவரும் எப்போதும் மாற்றலாம் என்ற பொருளை அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஆபத்தானது. அன்று வேலூரில் மூன்று நிபந்தனைகள் நிறைவேறியிருந்தன. முதலாவதாக, பழைய வழியில் தொடர முயன்று பார்த்த பின்னரே மாற்றம் நாடப்பட்டது. இரண்டாவதாக, மாற்றம் கொடையாளரிடமிருந்து மறைக்கப்படவில்லை. மூன்றாவதாக, அம்மாற்றத்தால் எவரும் தமக்கென்று பொருள் தேடிக்கொள்ளவில்லை. இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் பீபொடி அம்மையாரின் குற்றச்சாட்டே வரலாற்றில் நிலைத்திருக்கும்.

ஓய்வுக் காலத்தைக் கொடைக்கானலிலும் வேலூரிலுமாகக் கழித்த ஐடா ஸ்கடர், 1960 மே மாதத்தில் கொடைக்கானலில் காலமானார். அப்போது அவருக்கு வயது 89. திருமணம் செய்யாமல் வாழ்ந்த அவருக்கு வேலூரே குடும்பமாக இருந்தது. அவர் விட்டுச் சென்ற நிறுவனம் இன்று தனது அன்றாடச் செலவின் பெரும்பகுதியை நோயாளர் செலுத்தும் கட்டணத்திலிருந்தே ஈடுசெய்கின்றது. வசதியுள்ளோர் செலுத்துவதைக் கொண்டு வறியோருக்கும் சிகிச்சை வழங்கப்படுகின்றது. கொடையாளரை என்றென்றும் எதிர்பார்த்திராத நிலைக்கு ஒரு தொண்டு நிறுவனத்தைக் கொண்டுவருவது, கொடையாளருக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த கைம்மாறாகும்.

எமது நாட்டிலும் புலம்பெயர்ந்த உறவுகளின் பணத்திலும், வெளிநாட்டு நிறுவனங்களின் உதவியிலும், ஸகாத் நிதியிலும், கோயில் வருமானத்திலும் சிகிச்சை நிலையங்களும் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரங்களும் அம்புலன்ஸ் வண்டிகளும் ஏற்படுத்தப்படுகின்றன. கொடுப்போர் மனம் பெரிது. ஆயினும் இயந்திரத்தைக் கொடுப்பவர் அதை இயக்குபவரின் சம்பளத்தை நினைப்பதில்லை. வாங்குபவரும் அதனை எடுத்துச் சொல்லத் தயங்குகின்றார். கொடையாளி மனம் நோவார் என்ற அச்சத்தால் உண்மையான தேவை மறைக்கப்படுகின்றது. ஓராண்டு கழிந்ததும் இயந்திரம் பூட்டிய அறையில் கிடக்கின்றது. கொடுத்தவர் மனமும் வெறுத்துப் போகின்றது. கொடையாளியிடம் ஆம் என்று சொல்வது எளிது. தேவை இதுவல்ல, அது என்று மரியாதையோடு எடுத்துரைப்பதே கடினம். கேள்விக்குப் பதில் சொல்லவும், கணக்கைக் காட்டவும், அவசியமானால் நெருங்கிய நண்பரின் கோபத்தைத் தாங்கவும் துணிவுள்ளவர்களிடமே பொது நிதி ஒப்படைக்கப்பட வேண்டும்.

பண்டத்தரிப்பிலிருந்து புறப்பட்ட ஒரு பரம்பரையின் பேத்தி வேலூரில் நாட்டிய மரத்தின் நிழலில் எம்மவரும் இளைப்பாறியிருக்கின்றனர். அந்த மரத்துக்கு நீர் வார்த்தவர் பலர். நீர் வேருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நாள்தோறும் பார்த்து நின்றவரின் பணி, வார்த்தவர் பணிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.